மூன்று வேளையும் ஒருவேளை

வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘ஒருவேளை’. வைத்தவர் அவளுடைய கணவர், தையற்காரர். கல்யாணமான முதல் மாதத்திலேயே வைத்துவிட்டார். அடுப்பை அணைத்தோமா, ஒருவேளை அணைக்கவில்லையோ. கதவைப் பூட்டினோமே, ஒருவேளை சாவி மட்டும் திரும்பிப் பூட்டு விழவில்லையோ. அண்ணன் போனில் வெறும் ‘சரி’ என்று சொல்லி வைத்துவிட்டாரே, ஒருவேளை மனத்தாங்கலோ. அந்தச் சொல் அவள் வாயில் வராத பொழுது கிடையாது. “எல்லார் வீட்டுலயும் மூணு வேளை சாப்பாடு. நம்ம வீட்டுல மூணு வேளையும் ஒருவேளை” என்று தையற்காரர் ஒருநாள் சொல்லப்போக, சொந்தக்காரர்கள் மத்தியில் அது நிலைத்துவிட்டது. நாத்தனார் வந்தால் முதலில் சிரிப்பாள், பிறகுதான் “நல்லா இருக்கீங்களா அண்ணி” என்பாள்.

சிரிப்பதில் அவளுக்கு வருத்தம் கிடையாது. தன் கதைகளை அவளே எல்லோரையும்விட நன்றாகச் சொல்வாள். குழாயை மூடினோமா என்று பார்க்க பஸ் நிறுத்தத்திலிருந்து மூன்று தடவை வீட்டுக்குத் திரும்பி ஓடியதையும், மூன்றாவது தடவை குழாயை நன்றாக இறுக்கிவிட்டு வாசற்கதவை விரியத் திறந்துபோட்டு வந்ததையும் அவள் நடித்துக் காட்டினால் கேட்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். நாத்தனாருக்கு ‘நல்லது’ என்று செய்தி அனுப்பிவிட்டு, வெறும் ‘நல்லது’ என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டது மாதிரி இருக்குமோ என்று குழம்பி, ‘ரொம்ப நல்லது’ என்று இன்னொன்று அனுப்பி, அது நக்கலாகத் தெரியுமோ என்று பயந்து, கடைசியில் போன் பண்ணி மன்னிப்புக் கேட்ட கதையும் உண்டு. நாத்தனார் இரண்டு செய்தியையுமே படித்திருக்கவில்லை.

அவளுக்கு ரத்தம் கொதிப்பது வேறொன்றுக்கு. ‘ரொம்ப யோசிக்காதே.’ இதை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அவளிடம் சொல்லலாம் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரி சொல்வாள். பல் டாக்டர், அவள் வாய்க்குள் விரலை விட்டுக்கொண்டு, அவளால் பதில் பேச முடியாத நேரம் பார்த்துச் சொல்வார். தினமும் காலை பதினொரு மணிக்கு அவள் வேலையிடத்திலிருந்து தையற்கடைக்குப் போன் பண்ணி, “ஒருவேளை இஸ்திரிப் பெட்டியை அணைக்க மறந்துட்டீங்களோன்னு…” என்று ஆரம்பிப்பாள். “அதெல்லாம் அப்பவே அணைச்சாச்சு. ரொம்ப யோசிக்காதே” என்பார் தையற்காரர். சொல்லிவிட்டுப் போய் அணைப்பார். பதினோரு வருஷமாக இப்படித்தான் நடந்தது. இதில் கேலிக்கு ஆளானவள் அவள்.

அவள் வேலை பார்த்தது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில். ஏழு மாடிக் கட்டடத்தில் தரைத்தளமும் ஏழாம் மாடியும் கம்பெனியுடையவை. நடுவில் வேறு யார் யாரோ இருந்தார்கள். தரைத்தளத்தில் வாசலைப் பார்த்தபடி அவள் மேசை. மேசைமேல் ஒரு சிவப்பு போன், ஒரு தடித்த பதிவேடு. அந்தக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் முந்நூற்று நாற்பது லிஃப்ட்களில் எதில் யார் மாட்டிக்கொண்டு மணிப் படம் போட்ட பொத்தானை அழுத்தினாலும் அந்தச் சிவப்பு போன்தான் அடிக்கும். முதல் மணி முடிவதற்குள் அவள் எடுத்துவிடுவாள்.

“எத்தனை பேர் உள்ள இருக்கீங்க? சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா? யாராவது நேரத்துக்கு மாத்திரை போடணுமா? தண்ணி வச்சிருக்கீங்களா? உக்கார இடம் இருக்கா? கதவுல யாரும் சாயலையே? சரி, ஒண்ணு சொல்லுங்க, இன்னிக்குக் காலையில உங்க வீட்டுல என்ன சமையல்?”

இந்த ஏழு கேள்விகளையும் கம்பெனி எழுதிக் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றும் அவள் வீட்டில் உட்கார்ந்து, ஒருவேளை, ஒருவேளை என்று மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தது. ஏழாவது கேள்வியில் அழுகையை நிறுத்தாதவர்கள் கிடையாது. மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவள் போனை வைக்கமாட்டாள். ஒருமுறை ஒரு கணக்கு வாத்தியாரைப் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லவைத்தே நாற்பது நிமிடம் ஓட்டினாள். ஒரு வயதான தம்பதி உள்ளேயே சண்டை போட ஆரம்பித்து, அவளைப் பஞ்சாயத்துக்கு வைத்து, கதவு திறந்த பிறகும் தீர்ப்பு வராமல் வெளியே வரமாட்டோம் என்றார்கள்.

ஆபீசில் அவளுக்குப் பெயர் ‘நிதானம் அக்கா’. வீட்டில் ஒருவேளை, ஆபீசில் நிதானம். காரணம் அவள் குரல். பயம் ஏற ஏற அவள் குரல் இறங்கும். உள்ளே கை கால் உதறும். வெளியே குரல் மெத்தென்று, இனிப்பாக, ஒரு அவசரமும் இல்லாமல் வரும். அது அவள் பழகிக்கொண்டது இல்லை, பிறவியிலேயே அப்படி. தையல் மெஷின் ஊசி விரலில் ஏறி ரத்தம் கொட்ட உட்கார்ந்திருந்த கணவருக்காக அவள் டாக்டரைக் கூப்பிட்ட குரலைக் கேட்டு, டாக்டர் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டார். “உன் குரல் இப்படித் தேனா ஒழுகுச்சுன்னா உள்ள உனக்கு உயிர் போகுதுன்னு அர்த்தம்” என்று அன்றைக்குக் கண்டுபிடித்தவர் தையற்காரர். அவரைத் தவிர அது வேறு யாருக்கும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் லிஃப்டில் ஏறியதில்லை. ஏழாம் மாடிக்கும் படிதான்.

அந்த வருஷம் மேலாளர் ஒரு மெஷின் வாங்கினார். அவருக்கு மெஷின் என்றால் உயிர். எதைக் கேட்டாலும் “மெஷின் பாத்துக்கும்” என்பார். சிவப்பு போன் ஐந்து தடவை மணி அடித்தும் யாரும் எடுக்காவிட்டால் மெஷின் எடுக்கும். பதிவு செய்த குரலில் ஆறுதல் சொல்லும். எந்த லிஃப்ட் என்று குறித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பட்டியலை மெக்கானிக் அறைக்கு அனுப்பும். ஆறுதல் சொல்லும் குரல் அவளுடையதாக இருக்கட்டும் என்று அவரே பெரிய மனது பண்ணி முடிவு செய்தார்.

பதிவு செய்த அன்று அவள் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். “சார், ‘உதவி வந்துகொண்டிருக்கிறது’ன்னு இருக்கு. வந்துக்கிட்டிருக்கான்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?”

“அது சும்மா ஒரு வாக்கியம்மா. படிங்க.”

“பட்டியலே ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தானே சார் போகுது. அதுவரைக்கும் யாரும் வரமாட்டாங்க. வராதப்போ வருதுன்னு நான் எப்படிச் சொல்றது?”

“ரொம்ப யோசிக்காதீங்க. படிங்க.”

படித்தாள். ஒரு பொய்யைத் தன் வாயால் முந்நூற்று நாற்பது லிஃப்ட்களுக்குச் சொல்கிறோமே என்ற பயத்தில் அவள் குரல் அதுவரை இல்லாத அளவுக்கு இனித்தது. “இதுதான், இதுதான் வேணும்” என்று மேலாளர் மேசையைத் தட்டினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளின் இரண்டு பக்கமும் எழுதினாள். மொத்தம் இருபத்துமூன்று ஒருவேளை. மறுநாள் மேலாளரிடம் கொடுத்தாள். அவர் அதை டீ நேரத்தில் சத்தமாகப் படித்துக் காட்டினார், ஆபீசே சிரித்தது. மூன்றாவதாக அவள் எழுதியிருந்தது: ‘ஒருவேளை நானே லிஃப்டில் மாட்டிக்கொண்டால் போனை யார் எடுப்பது?’ அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘நீங்களேதான்’ என்று எழுதித் தாளைத் திருப்பிக் கொடுத்தார். படித்த மனிதர், முந்நூற்று நாற்பது லிஃப்ட்களில் ஏறி இறங்கும் உயிர்களுக்குப் பொறுப்பானவர், எழுதியது இது. அவள் தாளை மடித்துக் கோப்பில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. அவளுடைய குரலைக் கம்பெனி உபயோகிக்க அவளுக்குச் சம்மதம். அவளுடைய மேசை எடுக்கப்படும். ஏழாம் மாடியில் பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு அவள் மாற்றப்படுவாள். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. கையெழுத்துப் போட்டால் அவள் குரல் கீழே இருக்கும், அவள் மேலே இருப்பாள், மாட்டிக்கொண்டவர்களிடம் ஏழு கேள்விகளைக் கேட்க ஆளே இருக்காது. கடிதத்தை அவள் நாற்பது தடவை படித்தாள். பக்கத்து மேசைப் பெண், “போட்டுத் தள்ளுங்கக்கா, இதைப் போய் யோசிச்சுக்கிட்டு” என்றாள். நாத்தனார் போனில், “கோப்பு ரூம்னா நிம்மதி அண்ணி, யோசிக்கவே வேண்டாம்” என்றாள். எல்லோரும் ஒன்றையே சொன்னால், தப்பு தன் மேல்தானோ என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும். அவளுக்கும் தோன்றியது. சொன்னவர்களை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

கையெழுத்துப் போட வேண்டிய நாள் காலையில் தையற்காரர் தட்டைக் கழுவ எழுந்தபடி ஒரு பந்தயம் வைத்தார். “இன்னிக்கு ஒரு நாள் அந்த வார்த்தையைச் சொல்லாம இரு, பார்க்கலாம்.”

“சொல்லிட்டா?”

“ஒரு வாரம் என் கடை ஊசி டப்பா, பட்டன் டப்பா எல்லாத்தையும் நீ அடுக்கணும். சொல்லலைன்னா ஒரு வாரம் பாத்திரம் பூரா நான்.”

“சரி” என்றாள். பாத்திரத்துக்காக இல்லை. அவளுக்கு அலுத்துவிட்டது. ஒருநாளாவது மற்றவர்களைப்போல யோசிக்காமல் இருந்து, யோசிக்காமல் கையெழுத்தைப் போட்டு, யோசிக்காமல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று நினைத்தாள்.

அன்று முதல் மெஷின் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. பத்தே முக்காலுக்கு மேலாளர் கூப்பிட்டார். “மேல மீட்டிங்குக்கு வாங்கம்மா. படியில நின்னு நின்னு யோசிச்சு லேட் பண்ணாதீங்க. லிஃப்ட்ல வாங்க.” கூட்டத்துக்கு யாரும் போன் கொண்டுவரக் கூடாது என்பது மேலாளர் போட்ட விதி, அவள் தன் செல்போனை மேசை இழுப்பறையில் வைத்தாள். சிவப்பு போனைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து மேசைப் பெண்ணிடம் சொன்னாள். “மெஷின் இருக்கேக்கா” என்றாள் அவள். கோப்பை எடுத்துக்கொண்டு போய், லிஃப்ட் கதவின் முன் ஒரு நிமிடம் நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே ஏறினாள். மணி பத்து ஐம்பது.

நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது.

விளக்கு எரிந்தது, மின்விசிறி நின்றது. என்ன செய்ய வேண்டும் என்று அவளைவிடத் தெரிந்தவர் யார்? மணிப் படம் போட்ட பொத்தானை அழுத்தினாள். எங்கோ மணி அடிக்கும் சத்தம் கேட்டது. இரண்டாவது மணியில்தான் அவளுக்கு உறைத்தது. அடிப்பது அவளுடைய மேசையில். எடுக்க வேண்டியவள் அவள்.

ஐந்து தடவை அடித்து மணி ஓய்ந்தது. லிஃப்ட் சுவரிலிருந்து தேனொழுகும் குரலில் ஒருத்தி பேசினாள். “வணக்கம். பதற்றப்பட வேண்டாம். உதவி வந்துகொண்டிருக்கிறது. அமைதியாகக் காத்திருங்கள்.”

“எங்கடி வந்துக்கிட்டிருக்கு?” என்றாள் அவள்.

மறுபடி அழுத்தினாள். மறுபடி ஐந்து மணி, மறுபடி வணக்கம். நான்காவது தடவை கதவில் ஓங்கித் தட்டினாள். நான்காம் மாடி பூட்டிக் கிடந்தது. ஐந்தாம் மாடியில் யாரோ சுவரைத் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் துளை போடுகிறவருக்கே தான் பேசுவது கேட்காது.

அவள் கோப்பைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். பழக்க தோஷத்தில் ஏழு கேள்விகளையும் கேட்டுக்கொண்டாள். எத்தனை பேர்? ஒருத்தி, சுவருக்குள் இருப்பவளையும் சேர்த்தால் இரண்டு. சின்னப் பிள்ளைகள்? இல்லை. மாத்திரை? மத்தியானம் ஒன்று இருக்கிறது. தண்ணீர்? மேசைமேல். உட்கார இடம்? உட்கார்ந்தாயிற்று. கதவில் சாய்ந்தாயா? நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலையில் என்ன சமையல் என்ற கேள்விக்கு வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன சமைத்தோம் என்பதே ஞாபகத்துக்கு வரவில்லை. மற்றவர்களுக்கு ஞாபகம் வருவது, கேட்க ஒருத்தி இருப்பதால். தனியாகச் சிரித்தாள், தனியாகவே நிறுத்தினாள்.

பிறகு கோபம் வந்தது. எட்டாவது தடவை அழுத்தியபோது சுவருக்குள் இருப்பவள் “பதற்றப்பட வேண்டாம்” என்றதும், “நீ யாருடி என்னைச் சொல்றதுக்கு? நீ பயந்துக்கிட்டே படிச்சவ, எனக்குத் தெரியாதா?” என்று கத்தினாள். பன்னிரண்டாவது தடவை, “ஒருவேளை யாருமே வரலைன்னா என்னடி பண்ணுவ?” என்று கேட்டாள். பந்தயம் போனது. போனால் போகிறது, டப்பா அடுக்கிக்கொள்ளலாம். அவள் பத்தொன்பது தடவை அழுத்தினாள்.

வெளியே நடந்ததெல்லாம் பிறகு ஒவ்வொருவராகச் சொல்லித் தெரிந்தது. கேட்டால் யாருக்கும் வயிறு எரியும். லிஃப்ட் நகரவில்லை என்றதும் வாட்ச்மேன் வந்து பார்த்து, ‘லிஃப்ட் பழுது’ என்ற பலகையை அழகாகத் தொங்கவிட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். பக்கத்து மேசைப் பெண்ணுக்குச் சிவப்பு போன் அடித்து அடித்து ஓய்வது கேட்டது. மெஷின் பார்த்துக்கொள்கிறது என்று அவள் தன் வேலையைப் பார்த்தாள். மெக்கானிக்குகள் மூன்று பேர் லிஃப்டிலிருந்து முப்பதடி தள்ளி அவர்கள் அறையில் உட்கார்ந்து பன்னிரண்டு மணிப் பட்டியலுக்காகக் காத்திருந்தார்கள். மேலாளர் ஏழாம் மாடியில் கடிகாரத்தைப் பார்த்து, “எந்தப் படியில உக்காந்து யோசிக்கிறாங்களோ” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். லிஃப்ட் கம்பெனி அது. நின்றுபோன லிஃப்டைப் பார்த்து, ஒருவேளை உள்ளே யாராவது இருந்தால் என்று கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை. அந்தக் கட்டடத்தில் அப்படிக் கேட்கக்கூடிய ஒரே ஆள் உள்ளே இருந்தாள்.

இரண்டு தெரு தள்ளித் தையற்கடையில் பதினொரு மணி போன் வரவில்லை. தையற்காரருக்கு முதலில் சிரிப்பு. ஒருவேளை என்று ஆரம்பிக்காமல் அவளால் அந்த போனைப் பண்ண முடியாது, பந்தயத்துக்காக அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தார். பாத்திரம் கழுவ வேண்டியிருக்கும் என்று கவலையும் பட்டார். பதினொன்று இருபதுக்குக் கருகல் வாடை வந்தது. திரும்பிப் பார்த்தால் இஸ்திரிப் பெட்டி ஒரு வாடிக்கையாளர் சட்டையின் கையைத் தின்றுகொண்டிருந்தது. பதினோரு வருஷத்தில் முதல் சட்டை.

பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கருகிய சட்டைக் கையை அவர் விரித்துப் பார்த்தார். தினமும் பதினொரு மணிக்குத் தன் கடையைக் காப்பாற்றியது எது என்று அப்போதுதான் அந்த மனிதருக்கு உறைத்தது. ‘நீ ஜெயிச்சுட்ட, சட்டை போச்சு’ என்று சொல்லலாம் என்று அவள் செல்போனுக்கு அடித்தார். எடுக்கவில்லை. சிவப்பு போனின் எண்ணுக்கு அடித்தார். ஐந்து தடவை மணி அடித்த பிறகு அவள் குரல் வந்தது.

“வணக்கம். பதற்றப்பட வேண்டாம். உதவி வந்துகொண்டிருக்கிறது.”

ஊரில் வேறு யார் கேட்டிருந்தாலும் ஆறுதலாக உட்கார்ந்திருப்பார்கள். அவர் கேட்டது வேறு. விரலில் ஊசி ஏறிய அன்று கேட்ட குரலைவிட இது இன்னும் இனித்தது. மெஷினாவது மண்ணாங்கட்டியாவது, அவருக்கு அதெல்லாம் தெரியாது. அவள் பயத்தில் இருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு, ஒரு காலில் தன் செருப்பும் இன்னொரு காலில் யாரோ வாடிக்கையாளர் செருப்புமாக ஓடினார்.

பக்கத்து மேசைப் பெண், “அக்கா மேல மீட்டிங்ல இருக்காங்களே” என்றாள். ஏழு மாடி ஏறினார். “இன்னும் வரலையே, கீழ பாருங்க” என்றார் மேலாளர். தையற்காரர் மூச்சு வாங்க அப்படியே நின்றார்.

“கீழயும் இல்ல, மேலயும் இல்ல. அப்போ நடுவுலதான இருக்கணும்?”

இதைக் கண்டுபிடிக்க லிஃப்ட் படிப்பு எதுவும் தேவைப்படவில்லை. அவர் ஒவ்வொரு மாடியாக இறங்கி லிஃப்ட் கதவைக் கையால் அறைந்துகொண்டே வந்தார். ஐந்தாம் மாடியில் துளை போடுகிறவரின் கையைப் பிடித்து நிறுத்தினார். அப்போது உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. “யாராவது வாங்கய்யா” என்று அவர் போட்ட கூச்சலில் மெக்கானிக்குகள் மூன்று பேரும் பட்டியல் இல்லாமலே ஓடிவந்தார்கள். கதவைத் திறக்க அவர்களுக்கு நான்கு நிமிடம்தான் ஆனது.

லிஃப்ட் பாதியில் நின்றதால், திறந்த கதவில் அவள் முகத்துக்கு நேராக இரண்டு வேறு வேறு செருப்புகள் தெரிந்தன. யாருடையவை என்று தெரிந்துவிட்டது. கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். அவள் புடவையைத் தட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்து, முதலில் கேட்டது ஒன்றுதான்.

“இஸ்திரிப் பெட்டியை அணைச்சீங்களா?”

“அதெல்லாம் அப்பவே…” என்று வழக்கம்போல ஆரம்பித்தவர் நிறுத்தினார். தூக்கி நிறுத்தியது ஞாபகம் இருந்தது. சுவிட்சைத் தொட்டது ஞாபகம் இல்லை. முகம் வெளுத்தது. “ஒருவேளை…” என்றார்.

மெக்கானிக்குகளுக்கு எதுவும் புரியவில்லை. அவளும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்போடு சேர்ந்து கண்ணீரும் வந்தது. “போங்க, போய்ப் பாருங்க, ஓடுங்க” என்று அவரை அனுப்பிவிட்டு, அவள் கோப்பை எடுத்துக்கொண்டு மீதி இரண்டு மாடியையும் படியேறினாள்.

மேலாளர் எழுந்து நிற்கக்கூட இல்லை. “வாங்கம்மா. ஏதோ சின்ன கோளாறாம், சொன்னாங்க. மெஷின்ல ஒரு சின்ன மாத்தம் பண்ணிட்டா சரியாயிடும். இதைப் பெரிசு பண்ணி யோசிக்க வேண்டாம். கையெழுத்தைப் போடுங்க” என்று பேனாவை நீட்டினார்.

அவள் கோப்பிலிருந்து கடிதத்தை எடுக்கவில்லை. மடித்து வைத்திருந்த தாளை எடுத்து அவர் முன்னால் விரித்து, மூன்றாவது வரியில் விரலை வைத்தாள்.

“நீங்க எழுதினதுதான சார் இது?”

சிவப்பு மை அப்படியே இருந்தது. ‘நீங்களேதான்.’

“நீங்க சொன்ன மாதிரியே நானேதான் எடுத்தேன் சார். பத்தொன்பது தடவை எடுத்தேன். பத்தொன்பது தடவையும் உதவி வருதுன்னு என்கிட்டயே பொய் சொன்னேன். எனக்காவது அது பொய்னு தெரியும். நாளைக்கு ஒரு பிள்ளைத்தாச்சி மாட்டினா அவளுக்கு எப்படி சார் தெரியும்? என் குரலை நம்பி உக்காந்திருப்பா. ரெண்டு மணி நேரம் உக்காந்திருப்பா.”

அவள் குரல் இனிக்கவில்லை. உடைந்து, கரகரத்து, உயர்ந்துகொண்டே போனது. ஏழாம் மாடி முழுவதும் திரும்பிப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை அங்கே யாரும் கேட்டதில்லை.

“ஏம்மா கத்துறீங்க? நீங்க நிதானமானவங்களாச்சே” என்றார் மேலாளர்.

“நிதானம் இல்ல சார், அது பயம். பதினோரு வருஷமா பயந்துக்கிட்டேதான் பேசிக்கிட்டிருந்தேன். இப்போ பயமே இல்ல. என் மேசையை எடுக்கணும்னா எடுங்க. ஆனா அந்த மெஷின்ல இருக்குற என் குரலை அழிச்சிட்டு எடுங்க. அந்தக் கடிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

மேலாளர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அவரைச் சுற்றிச் சிரித்தவர்களெல்லாம் இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “சரிம்மா” என்றார் கடைசியில். “நான் கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்.”

“யோசிங்க சார்” என்றாள் அவள். “ரொம்ப யோசிங்க.”

அவர் மன்னிப்புக் கேட்டாரா என்றால், கேட்கவில்லை. மெஷின் மட்டும் மறுநாள் அட்டைப் பெட்டிக்குள் போனது, கடிதத்தைப் பற்றி அதன்பிறகு யாரும் கேட்கவே இல்லை. லிஃப்ட் நின்ற அன்றே சாப்பாட்டு நேரத்தில் அவர், சரிசெய்து முடித்த லிஃப்டின் முன்னால் வந்து நின்று, கதவைப் பார்த்துவிட்டு, படியில் இறங்கிப் போனதை, ஏழாம் மாடிக்குப் போயிருந்த பக்கத்து மேசைப் பெண் பார்த்தாள்.

அன்று கையெழுத்துப் போடாமல் கீழே வந்ததும் அவள் தண்ணீர் குடித்தாள். கடையில் சுவிட்ச் அணைந்துதான் இருந்தது என்று தையற்காரர் போன் பண்ணிச் சொன்னார். நன்றாகப் பார்த்தீர்களா என்று கேட்டாள். இரண்டு தடவை பார்த்தேன் என்றார் அவர். பிறகு பதிவேட்டைத் திறந்தாள். எந்தப் புகார் வந்தாலும் எழுதியாக வேண்டும், அது அவள் வேலை. புகார் செய்தவர் என்ற இடத்தில் ‘நான்’ என்று எழுதினாள். போனை எடுத்தவர் என்ற இடத்திலும் ‘நான்’ என்று எழுதினாள். உதவி வர ஆன நேரம்: ஐம்பத்திரண்டு நிமிடம். வந்த மெக்கானிக்கின் பெயர் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, யோசிக்காமல், ‘வீட்டுக்காரர், தையற்கடை’ என்று எழுதினாள்.